'வரை' என்கிற வார்த்தை

தமிழில் 'வரை' என்று ஒரு சின்ன வார்த்தை இருக்கிறது. சங்கப் புலவர்களைக் கேட்டால் மலை என்பார்கள். சித்திர வாத்தியாரைக் கேட்டால் படம் போடு என்பார். இன்டர்நெட் கம்பெனிக்காரரைக் கேட்டால் மட்டும் அதற்கு நிகண்டில் இல்லாத ஓர் அர்த்தம் கிடைக்கும். "100 எம்.பி.பி.எஸ். வரை" என்று விளம்பரம் செய்கிறார்களே, அந்த 'வரை'க்குப் பொருள், 'இதற்கு மேல் நிச்சயமாகக் கிடையாது; இதற்குக் கீழே எவ்வளவு என்று எங்களைக் கேட்காதீர்கள்' என்பதுதான். நூறு என்ற எண்ணைப் பனைமரம் உயரத்துக்கும், 'வரை'யை எறும்பு உயரத்துக்கும் எழுதுகிற விளம்பர ஓவியரின் கைத்திறனை நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

நாவல் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பாருங்கள், மத்தியதரக் குடும்பத்தின் கணக்கு நோட்டில் பால், வாடகை, பள்ளிக்கூடச் சம்பளம் என்ற பழைய இனங்களுக்குக் கீழே இந்தக் கட்டணமும் வந்து உட்கார்ந்து வெகு காலமாயிற்று. பாலில் தண்ணீர் கலந்திருந்தால் நாக்குக் கண்டுபிடித்துவிடும். அரிசியில் கல் இருந்தால் பல் கண்டுபிடித்துவிடும். இந்தச் சரக்கில் மட்டும், வாங்கினது எவ்வளவு, வந்து சேர்ந்தது எவ்வளவு என்று கண்டுபிடிக்க நமக்கு அவயவம் கிடையாது. விற்கிறவர் சொன்னதுதான் அளவு. இது முப்பது வருஷத்துக் கதை. ராஜாக்களின் சரித்திரத்தை எழுதப் பலர் இருக்கிறார்கள். இதை எழுத ஆளைக் காணோம்.

சரக்கு நம் ஊருக்கு வந்த கதையிலிருந்து தொடங்குகிறேன். கல்விக்கூடங்களுக்குள் மட்டும் 1986 முதல் 'எர்நெட்' என்று ஒரு வலை இருந்தது. நம் சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் ஒரு கண்ணி. பொதுஜனங்களுக்குக் கதவு திறந்தது 1995-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ஆம் தேதி. சுதந்திர தினமாகப் பார்த்து நாள் குறித்தார்கள். விற்றவர்கள் சர்க்காருக்குச் சொந்தமாயிருந்த விதேஷ் சஞ்சார் நிகம் கம்பெனியார். சென்னை, பம்பாய், டில்லி, கல்கத்தா முதலிய பெரிய பட்டணங்களில் மட்டுமே கிடைத்தது. தனி மனிதருக்கு விலை, 250 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய். வேகம், விநாடிக்கு 9.6 கிலோபிட். முதல் ஆறு மாதத்தில் நாடு முழுவதிலும் சேர்ந்தவர்கள் சுமார் 10,000 பேர்தான்.

இந்தக் 'கிலோபிட்' என்ன அளவு என்று புரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது. பயப்பட வேண்டாம், நம் பாட்டிமார் அறிந்த கணக்குத்தான். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. ஆகவே எட்டு ஆழாக்கு ஒரு படி. இன்டர்நெட்டில் 'பிட்' என்பது ஆழாக்கு. 'பைட்' என்பது படி. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். கம்பெனியார் வேகத்தை விற்பது ஆழாக்குக் கணக்கில். ஒரு படமோ பாட்டோ புஸ்தகமோ இறங்கும்போது நம் கம்ப்யூட்டர் காட்டுவது படிக் கணக்கில். 100 என்று வாங்கினவர், திரையில் 12 என்று ஓடுவதைப் பார்த்துவிட்டு, எட்டில் ஏழு பங்கைக் கம்பெனிக்காரன் சாப்பிட்டுவிட்டான் என்று டெலிபோனில் சண்டை பிடிப்பதுண்டு. அது வீண் சண்டை. நூறு ஆழாக்கு பன்னிரண்டரைப் படிதான்.

ஏன் இரண்டு அளவுகள்? இதில் சூழ்ச்சி ஒன்றும் இல்லை. கம்பி வழியே செய்தி அனுப்புகிறவர்கள் தந்திக் காலத்திலிருந்தே துடிப்புத் துடிப்பாக எண்ணிப் பழகியவர்கள். கம்ப்யூட்டர் செய்கிறவர்களோ எழுத்து எழுத்தாக எண்ணுகிறவர்கள். அவர்களுக்குக் கட்டுக் கட்டாகத்தான் வேண்டும். 'பைட்' என்ற பெயரை 1956-ஆம் வருஷம் அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியில் இருந்த வெர்னர் புக்ஹோல்ஸ் என்பவர் வைத்தார். அதே 1956-இல்தான் நம் பார்லிமெண்டில் எடை அளவுச் சட்டம் நிறைவேறி, படிக்கும் மரக்காலுக்கும் சீட்டுக் கிழிக்கப்பட்டது. இங்கே ஒரு படி போன வருஷத்தில் அங்கே ஒரு படி பிறந்திருக்கிறது. சூழ்ச்சி இல்லை என்றேன். ஆனால் சௌகரியம் இல்லை என்று சொல்லவில்லை. ஆழாக்கில் சொன்னால் எண் எட்டு மடங்கு பெரிதாகத் தெரிகிறதே, அதை எந்த வியாபாரிதான் விடுவார்?

இப்போது 1995-க்குத் திரும்புவோம். விநாடிக்கு 9.6 கிலோபிட் என்றால் 1.2 கிலோபைட். கம்பி ஒரு கணம்கூடத் தடுமாறாமல் ஓடினால், மூன்றரை மெகாபைட் உள்ள ஒரு சினிமாப் பாட்டு இறங்க ஐம்பது நிமிஷம். பாட்டுக் கேட்பதற்கு மூன்று நிமிஷம், காத்திருப்பதற்கு ஐம்பது! 5,000 ரூபாய் கொடுத்து வாங்கிய 250 மணி நேரத்தையும் ஒரு விநாடி வீணாக்காமல் செலவு செய்தால் மொத்தம் வந்து சேர்வது ஒரு ஜிகாபைட்டுக்குச் சற்றே அதிகம். இன்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பையன் தாம்பரத்திலிருந்து பாரிமுனை போவதற்குள் அதைச் சினிமாப் பார்த்தே தீர்த்துவிடுகிறான்.

அந்த வியாபாரத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. நேரத்தை அளந்து விற்கும்போது, கம்பி எவ்வளவு மெதுவாக இருக்கிறதோ அவ்வளவு லாபம் விற்கிறவருக்கு. பாட்டு ஐம்பது நிமிஷத்தில் வந்தால் ஐம்பது நிமிஷக் காசு. கம்பி தகராறு செய்து நூறு நிமிஷம் ஆனால் நூறு நிமிஷக் காசு. போதாததற்கு டெலிபோன் மீட்டர் வேறு தனியாக ஓடும். நடுவில் யாராவது போனை எடுத்தால் தொடர்பு அறுந்து, மறுபடியும் ஆதியிலிருந்து! மோடம் என்ற பெட்டி கீச்சென்று கத்தி, கரகரவென்று இருமி, பிறகு மௌனமாவதைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இதையெல்லாம் நான் விவரிக்க வேண்டியதில்லை. எக்ஸ்சேஞ்சில் இடம் கிடைக்காமல் 'எங்கேஜ்டு' சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அரை மணி நேரம் நம்பரைச் சுழற்றியவர்களும் அந்தத் தலைமுறைதான்.

1998 நவம்பரில் தனியாருக்கும் அனுமதி கிடைத்தது. முதலில் கடை விரித்த தனியார் நம் சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே. அதற்குப் பின் தெருவுக்குத் தெரு பிரௌசிங் சென்டர்கள் முளைத்தன. அங்கேயும் மணிக் கணக்குத்தான். பிளஸ் டூ ரிசல்ட் வருகிற அன்று காலையில் அந்தக் கடை வாசலைப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே ஒரு பெண் நம்பரைத் தட்டிவிட்டு உட்கார்ந்திருப்பாள். திரையில் வெள்ளைப் பக்கம் அசையாமல் நிற்கும். தகப்பனார் பின்னால் நின்று மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருப்பார். சுவரில் கடிகாரம் மட்டும் ஒழுங்காக ஓடும். பக்கம் வந்தாலும் வராவிட்டாலும் அரை மணிக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும்.

பிராட்பேண்ட் என்ற வார்த்தைக்கு நம் நாட்டில் சட்டப்படி அர்த்தம் ஏற்பட்டது 2004 அக்டோபரில். எப்போதும் திறந்தே இருக்கும் தொடர்பு, குறைந்தது விநாடிக்கு 256 கிலோபிட் வேகம். இரண்டும் இருந்தால் அதற்குப் பெயர் பிராட்பேண்ட் என்று சர்க்கார் கொள்கை வகுத்தது. 2010-க்குள் இரண்டு கோடி இணைப்புகள் என்று இலக்கும் போட்டார்கள். 2010 முடிந்தபோது எண்ணிக்கை ஒரு கோடியைத்தான் தாண்டியிருந்தது. இலக்கு விஷயத்தில் சர்க்காரும் 'வரை' போட்டிருந்தால் வம்பே இல்லாமல் போயிருக்கும்!

2005-இல் பி.எஸ்.என்.எல். இந்த இணைப்பை வீடுகளுக்குக் கொடுக்கத் தொடங்கியது. புதிய கம்பி எதுவும் போடவில்லை. தாத்தா காலத்து டெலிபோனுக்குப் போட்ட அதே செம்புக் கம்பிதான். பேச்சுக்கு அந்தக் கம்பியில் கொஞ்சம் இடம் போதும். மீதி சும்மா கிடந்தது. அந்தச் சும்மா கிடந்த இடத்தில் செய்தியை ஓட்டும் முறைக்கு ஏ.டி.எஸ்.எல். என்று பெயர். 1980-களின் கடைசியில் அமெரிக்காவில் பெல்கோர் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த ஜோசப் லெக்லைடர் என்பவர் அதற்கு ஒரு யோசனை சொன்னார். வீட்டுக்கு வருகிற பாதையை அகலமாகவும், வீட்டிலிருந்து போகிற பாதையை ஒடுக்கமாகவும் வைத்தால், கம்பிகள் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்வது குறைந்து மொத்தத்தில் அதிக வேகம் கிடைக்கும் என்றார். வீட்டில் இருப்பவர்கள் பார்க்கிறவர்கள், கேட்கிறவர்கள். அவர்கள் அனுப்புவதற்கு என்ன இருக்கப் போகிறது என்று அந்தக் காலத்தில் நினைத்ததில் தப்பில்லை.

செம்புக் கம்பிக்கு ஒரு குணம் உண்டு. தூரம் போகப் போக அதன் பலம் குறையும். எக்ஸ்சேஞ்சுக்கு அடுத்த வீட்டில் 20 மெகாபிட் தாங்குகிற கம்பி, ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ கொண்டுபோய்ச் சேர்த்தால் அதிகம். மழையில் ஊறின இணைப்புகள், நாலு ஒட்டுப் போட்ட கம்பி என்றால் அதுவும் இல்லை. 'வரை' என்ற வார்த்தை பிறந்த இடம் இதுதான். ஆரம்பத்தில் அது யோக்கியமான வார்த்தையாகத்தான் இருந்தது. ஒவ்வொரு வீட்டின் தூரத்தையும் விளம்பரத்தில் எழுத முடியாதல்லவா? பிறகு கம்பி மாறியது, தூரக் கணக்கு மாறியது, வார்த்தை மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஏ.டி.எஸ்.எல். வந்த பிறகு மணிக் கணக்குப் போய், அளவுக் கணக்கு வந்தது. மாதத்துக்கு இத்தனை மெகாபைட், மேலே போனால் மெகாபைட்டுக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம். சில திட்டங்களில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை மட்டும் அளவு கிடையாது. அந்த நாட்களில் எங்கள் தெருவில் இரவு இரண்டு மணிக்கு ஜன்னல்களில் விளக்கு எரியும். திருடன் வந்தால் திண்டாடிப் போயிருப்பான். அலாரம் வைத்து எழுந்து, வேண்டியதையெல்லாம் இறக்கச் சொல்லிவிட்டு, மறுபடியும் படுத்துக்கொள்வார்கள். காலை எட்டு அடிப்பதற்குள் நிறுத்த வேண்டுமே என்ற கவலையில் தூக்கம் எங்கே வரும்! மார்கழி மாதத்துப் பஜனைக்கு எழுந்திருக்காத மனிதர்களை எழுப்பிவிட்ட புண்ணியம் இந்தத் திட்டத்துக்கு உண்டு.

2007 ஜனவரியில் ஒரு நல்ல செய்தி வந்தது. 256 கிலோபிட்டாக இருந்த வேகத்தை, கட்டணத்தை உயர்த்தாமலேயே 2 மெகாபிட் வரை உயர்த்துவதாக மத்திய சர்க்கார் அறிவித்தது. எட்டு மடங்கு! ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் ஒரு ஜிகாபைட் என்று எல்லை கட்டிய திட்டத்தில் இருப்பவருக்கு, பழைய வேகத்தில் அந்த ஒரு ஜிகாபைட் தீர எட்டே முக்கால் மணி நேரம் ஓயாமல் இறக்க வேண்டும். புதிய வேகத்தில் ஒரு மணி ஏழு நிமிஷம் போதும். குழாயைப் பெரிதாக்கினார்கள், தொட்டி அதே தொட்டி. பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து எழுந்தால் மாதத்துக்கு உள்ளது தீர்ந்தது. அதற்கு மேல் தனிக் கட்டணம் ஓட ஆரம்பித்துவிடும். முன்பு நேரத்தை விற்றபோது மெதுவாக இருப்பது விற்கிறவருக்கு லாபமாயிருந்தது என்றேனே, அளவை விற்கத் தொடங்கியதும் வேகமாக இருப்பது லாபமாகிவிட்டது. வாங்குகிறவர் மட்டும் இரண்டு காலத்திலும் கையைப் பிசைந்துகொண்டு பில்லைப் பார்த்தார்.

அப்படியானால் அளவுகோலைச் சோதிப்பவர் யாருமே இல்லையா? உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் 'ஆடவல்லான்' என்ற மரக்கால் வருகிறது. நெல் அளக்கிற மரக்காலுக்கு நடராஜப் பெருமானின் பெயர்! சுவாமி பெயர் சொல்லி அளக்கும்போது கை கொஞ்சம் நடுங்கும் அல்லவா? நம் காலத்தில் அந்த உத்தியோகம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் என்ற டிராயிடம் இருக்கிறது. 2006 அக்டோபரில் டிராய் விதி செய்தது. விற்ற வேகத்தில் எண்பது சதவிகிதத்துக்கு மேல் வாடிக்கையாளருக்குக் கிடைக்க வேண்டும். கூட்டம் மிகுந்த நேரத்திலும் பாதையில் எண்பது சதவிகிதத்துக்கு மேல் அடைசல் இருக்கக் கூடாது. அனுப்பும் பொட்டலங்களில் நூற்றுக்கு ஒன்றுகூட வழியில் தொலையக் கூடாது. நல்ல விதிகள்தான். ஆனால் வேகத்தை எங்கிருந்து எங்கே அளப்பது? கம்பெனியின் கேந்திரத்திலிருந்து நம் வீடு வரை. அதற்கு அப்பால் இருக்கிற உலகம் அந்தக் கணக்கில் சேராது. மண்டிக்காரர் மண்டி வாசலில் அளந்து கொடுப்பது சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். மண்டிக்குள் நெல் இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

மண்டிக்கு நெல் வருவது கடல் வழியாக. சென்னைக் கடற்கரையில் காற்று வாங்கப் போகிறவர்கள் காலடியில் சமுத்திரக் கேபிள்கள் ஏறுகின்றன என்பதை நினைப்பதில்லை. 2002-இல் சிங்கப்பூரிலிருந்து ஒன்று வந்தது. 2005-இல் பிரான்சு முதல் சிங்கப்பூர் வரை நீளும் மற்றொன்றும் இங்கே தலை காட்டியது. 2008 ஜனவரி 30-ஆம் தேதி எகிப்தின் அலெக்சாந்திரியா பக்கத்தில் இரண்டு கேபிள்கள் அறுந்தபோது, மேற்கே போகிற நம் தொடர்பில் பாதிக்கு மேல் போய்விட்டது. அன்றைக்கும் நம் வீட்டுக்கும் கம்பெனிக்கும் நடுவில் இருந்த கம்பி விதிப்படி எண்பது சதவிகிதம் காட்டிக்கொண்டிருந்திருக்கும்!

இன்னொரு விஷயமும் உண்டு. ஒரு பாதையை எத்தனை வீட்டுக்குப் பங்கு போடலாம் என்பதற்கு 2009-இல் டிராய் ஒரு வழிகாட்டி வைத்தது. வீட்டு இணைப்பானால் ஒன்றுக்கு ஐம்பது, வியாபார இணைப்பானால் ஒன்றுக்கு முப்பது. கேட்பதற்கு அநியாயமாக இருக்கும், அநியாயம் இல்லை. தெருக் குழாயில் ஐம்பது வீட்டாரும் ஒரே நிமிஷத்தில் குடத்தோடு வருவதில்லை. ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு வருவார்கள். சாப்பாடு முடிந்து, எல்லோரும் ஒரே சமயத்தில் படம் போடும்போது, மத்தியானம் பாய்ந்து வந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும்.

இந்த இடத்தில்தான் 'வரை'யின் தம்பி பிரவேசம் செய்கிறான். அவன் பெயர் 'அன்லிமிடெட்'. நம் ஹோட்டல்களில் 'முழுச் சாப்பாடு' என்று போர்டு போட்டிருப்பார்கள். முதல் தடவை சாதம் மலைபோல் விழும். இரண்டாம் தடவை குன்று. மூன்றாம் தடவை கேட்டால் சர்வர் காதில் விழாது. நாலாம் தடவை கரண்டியின் நுனியில் கொண்டு வந்து வைப்பார். சாதம் நின்றதா என்றால் நிற்கவில்லை, வந்துகொண்டுதான் இருக்கிறது. இதே சாஸ்திரத்துக்கு இன்டர்நெட்டில் 'நியாயமான உபயோகக் கொள்கை' என்று பெயர். குறிப்பிட்ட அளவு தீர்ந்ததும் இணைப்பை அறுக்க மாட்டார்கள். வேகத்தை மட்டும் நத்தைக்குக் கொடுத்துவிடுவார்கள். பெயரில் 'நியாயம்' என்ற சொல்லை வைத்தவரை நான் சந்திக்க ஆசைப்படுகிறேன். அவருக்கு நாவலுக்குத் தலைப்பு வைக்கிற வேலை கொடுக்கலாம்.

2012-இல் டிராய் தலையிட்டு, எந்த அளவுக்குப் பிறகு எந்த வேகம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டது. அடுத்த வருஷம் ஜூலை 14-ஆம் தேதியோடு நம் நாட்டில் பொதுஜனங்களுக்கான தந்தி சேவை முடிந்தது. நாலே நாள் கழித்து, ஜூலை 18-ஆம் தேதி, பிராட்பேண்ட் என்றால் இனி 512 கிலோபிட் என்று சர்க்கார் அறிவிப்பு வந்தது. வார்த்தைக்கு வார்த்தை காசு எண்ணின சேவை கண்ணை மூடியதற்கும், புதியது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்ததற்கும் நடுவே ஒரு வாரம்கூட இல்லை. 2016 அக்டோபரில் இன்னும் ஒரு படி ஏறி, அளவு தீர்ந்த பின்னும் வீட்டு இணைப்பின் வேகம் 512 கிலோபிட்டுக்குக் கீழே போகக் கூடாது என்றார்கள். அதாவது சர்வர் நாலாம் தடவையும் ஒரு கரண்டியாவது போட்டாக வேண்டும்!

தம்பி இப்படிக் கட்டுப்பட்டான். அண்ணன் 'வரை' கட்டுப்பட்ட கதைக்கு நாம் சீமைக்குப் போக வேண்டும். ஏனென்றால் இந்த வார்த்தையை விளம்பரத்தில் வைத்து ஏய்க்கும் கலை இங்கிலாந்திலும் நம்மைவிட முன்னாலேயே வளர்ந்திருந்தது. அங்கே விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமைப்பு ஒன்று உண்டு. 2012-இல் அது ஒரு விதி செய்தது: ஒரு வேகத்தை 'வரை' போட்டு விளம்பரம் செய்ய வேண்டுமானால், வாடிக்கையாளர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்காவது அது கிடைக்க வேண்டும். பத்துப் பேர்! மற்றத் தொண்ணூறு பேரும் வேடிக்கை பார்க்கலாம். ஜனங்கள் முணுமுணுத்தார்கள். 2018 மே 23-ஆம் தேதி முதல் விதி மாறியது. இனிமேல் ராத்திரி எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள், தெருக் குழாயில் கூட்டம் நெரிகிற அதே நேரத்தில், பாதிப் பேருக்காவது கிடைக்கிற வேகத்தைத்தான் விளம்பரத்தில் போடலாம்; 'வரை'க்குப் பதிலாகச் 'சராசரி' என்று எழுத வேண்டும். உடனே என்ன ஆயிற்று? பழைய செம்புக் கம்பி இணைப்புகளுக்கு '17 வரை' என்று போட்டிருந்த கம்பெனிகள் 'சராசரி 10', 'சராசரி 11' என்று போட்டன. ஒரு கம்பியும் மாறவில்லை. ஒரு வீட்டிலும் வேகம் கூடவுமில்லை குறையவுமில்லை. போஸ்டரில் இருந்த எண் மட்டும் ஒரே நாளில் இளைத்துப் போயிற்று. இந்த முப்பது வருஷக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

அமெரிக்காக்காரர்கள் வேறு வழி கண்டார்கள். வீடுகளில் ஒரு சிறு வெள்ளைப் பெட்டியை வைத்து, இரவும் பகலும் அது தானாகவே வேகத்தை அளந்து அனுப்பும்படி செய்தார்கள். அந்தக் கணக்கைக் கம்பெனிகளின் பெயரோடு 2011 ஆகஸ்டில் சர்க்கார் அச்சிட்டு வெளியிட்டது. ஆழாக்கு நம் வீட்டிலேயே இருந்தால் கடைக்காரரின் படியை நம்பியிருக்க வேண்டாம் அல்லவா? நம் நாட்டில் 2016-இல் டிராய், 'மைஸ்பீடு' என்று கைபேசியில் வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றைக் கொடுத்தது.

எங்கள் வீட்டுக்கு அப்போது இணைப்புக் கொடுத்திருந்த கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்கள் அனுப்பிய பையன் நல்ல பையன். பெட்டிக்குப் பக்கத்திலேயே கம்பியைச் செருகி, அவர்களுடைய ஊரிலேயே இருக்கிற சோதனை நிலையத்தைக் கூப்பிட்டு, "பாருங்க சார், 98" என்று காட்டுவான். அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு போனதும், நான் எழுதுகிற அறையில், இரண்டு சுவருக்கு அப்பால், 15 வரும். கடல் கடந்து இருக்கும் ஒரு நூலகத்திலிருந்து பழைய புஸ்தகம் ஒன்றை இறக்கினால் மூன்று. 98-ம் உண்மை, 15-ம் உண்மை, மூன்றும் உண்மை. பையனிடம் பொய் இல்லை. வாசலில் அளந்தது, கூடத்தில் அளந்தது, சமுத்திரத்துக்கு அப்பாலிருந்து அளந்தது என்று மூன்று அளவுகள். பில் மட்டும் முதல் அளவுக்கு வருகிறது. சினிமா காட்டும் நெட்ஃபிளிக்ஸ் கம்பெனி 2016 மேயில் தன்னுடைய சொந்தக் கிடங்கிலிருந்தே வேகத்தைச் சோதிக்கும் வசதியைப் பொதுவில் வைத்ததற்குக் காரணம் இந்தக் கூத்துத்தான். சோதனை நிலையத்துக்கு மட்டும் ராஜபாட்டை போட்டு வைத்தால் அங்கே அகப்பட்டுக்கொள்வார்கள்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு நடந்ததெல்லாம் வாசகர்களுக்குத் தெரியும். 1995-இல் 250 மணி நேரத்துக்குக் கிடைத்த ஒரு ஜிகாபைட், கைபேசியில் ஒரு நாள் பங்காயிற்று. 2019-இல் அவர்களும், முன்னும் பின்னுமாக மற்றவர்களும் கண்ணாடி இழையை வீட்டுக்குள் கொண்டு வந்தார்கள். கண்ணாடி இழைக்குச் செம்பின் பலவீனம் கிடையாது. ஊருக்குள் இருக்கிற தூரம் அதற்கு ஒரு பொருட்டல்ல. ஆகவே 'வரை' போடுவதற்கு இருந்த பழைய சாக்குப் போயே போயிற்று. 2020-இல் வீட்டுத் திட்டங்கள் அன்லிமிடெட் ஆயின. அதற்கும் அடியில் பொடி எழுத்து உண்டு. 3,300 ஜிகாபைட் என்று. 100 மெகாபிட் இணைப்பில் இரவு பகல் ஓயாமல் இறக்கினால் மூன்றே நாளில் அந்த எல்லையைத் தொடலாம். எந்தக் குடும்பமும் அப்படி இறக்காது. ஆகையால் இதைப் பற்றி நான் சண்டை போடப் போவதில்லை. முழுச் சாப்பாட்டில் மூன்று மரக்கால் சாதம் போடுகிறவரிடம் நாலாவது மரக்கால் கேட்பது அழகல்ல.

எனக்குக் குறை வேறு இடத்தில். 2020 மார்ச் 24-ஆம் தேதி ராத்திரி நாடு முழுவதும் வீட்டுக்குள் அடைபட்டது. அன்றைக்கே படம் காட்டும் கம்பெனிகள் கூடி, கைபேசித் தொடர்பில் படத்தின் தெளிவைக் குறைத்துப் பாரத்தை இறக்கச் சம்மதித்தன. நல்ல காரியம், வருகிற பாதை தப்பித்தது. பிறகு ஜூன் மாதம் பள்ளிக்கூடங்கள் திரையில் திறந்தன. எங்கள் எதிர்வீட்டில் அண்ணனும் தங்கையுமாக இரண்டு குழந்தைகள். செம்புக் கம்பி இணைப்புத்தான். வாத்தியார் முகமும் பாடமும் பிசகில்லாமல் வந்தன. தங்கைக்காரி பதில் சொல்ல ஆரம்பித்தால் மட்டும் அவள் குரல் பாதி வழியில் நின்றுவிடும். அண்ணன் தன் பெட்டியை மூடிவிட்டுத் தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்துகொள்வான், அவள் பதில் சொல்லி முடிக்கிற வரை. அகலமாக வருகிற பாதையும் ஒடுக்கமாகப் போகிற பாதையுமாக முப்பது வருஷத்துக்கு முன்னால் வகுத்தார்களே, அந்தக் கணக்கில் வீட்டிலிருப்பவர்கள் கேட்கிறவர்கள்தான். பதில் சொல்கிறவர்கள் அல்ல. மாலையில் மாடி ஜன்னலிலிருந்து நான் பார்க்கும்போது, அந்தப் பெண் விடைகளை நோட்டில் எழுதிப் படமெடுத்து, அது மேலே ஏறுவதற்காகக் கைபேசியைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் நின்றுகொண்டிருப்பாள்.

2023 ஜனவரியில் சர்க்கார் பிராட்பேண்டுக்கு மறுபடியும் இலக்கணம் எழுதியது. 512 கிலோபிட் போய், குறைந்தபட்ச வேகம் 2 மெகாபிட் ஆயிற்று. அறிவிப்பை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். அந்த 2 மெகாபிட், வீட்டுக்கு வந்து இறங்குகிற வேகத்துக்கு. வீட்டிலிருந்து ஏறிப் போகிற வேகம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று அதில் எண் எதுவும் போடவில்லை.